எம்பியை மலைக்கு அழைத்துப் போகும்போது செய்யக் கூடாதவை

1915 ஜூலையில் அமெரிக்க உள்துறை அதிகாரி ஸ்டீபன் மேத்தர், தேசியப் பூங்காக்களுக்கு ஆதரவு திரட்ட, ஒரு கூட்டத்தை இரண்டு வாரம் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைக்குள் கூட்டிப்போனார். டைரனோசாரஸ் ரெக்ஸுக்குப் பெயர் வைத்த விஞ்ஞானி ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பார்ன் அதில் இருந்தார். நாடாளுமன்ற நிதி ஒதுக்கீட்டுக் குழு உறுப்பினர் ஃபிரெடரிக் கில்லெட்டும் இருந்தார். தேசியப் பூங்காத் துறையை உருவாக்கும் சட்டம் 1916 ஆகஸ்டில் வந்தது. அந்தப் பயணம் மட்டுமே காரணம் இல்லைதான். ஆனாலும் அதற்கு நல்ல பங்கு உண்டு.

இப்போது இயற்கையைக் காக்க விஞ்ஞானியையும் எம்பியையும் சேர்த்து இப்படிக் கூட்டிப்போகிறவர்கள் ஆள் தேர்விலேயே சறுக்குகிறார்கள். ஏற்கெனவே நம் பக்கம் பேசுகிறவரையோ ஆளுங்கட்சிக்காரரையோ மட்டும் கூப்பிடுகிறார்கள். கில்லெட் அன்று அவையில் சிறுபான்மையாக இருந்த குடியரசுக் கட்சிக்காரர். பணம் ஒதுக்கும் குழுவில் இருந்தார் என்பதுதான் முக்கியம்.

அடுத்தது, பயணத்தை வகுப்பறை ஆக்குவது. ஏசி அறையில் காட்ட வேண்டிய ஸ்லைடை மரத்தடியில் காட்டி என்ன பயன்? நடக்க விடுங்கள், கேள்வி தானாக வரும். பசித்தவரிடம் அதுவும் வராது! மேத்தர் இதில் கெட்டிக்காரர்: டை சிங் என்ற சமையல்காரர் மலைமேலும் வெள்ளை விரிப்பு போட்டுச் சாப்பாடு பரிமாறினார், ரொட்டி மாவு கோவேறு கழுதையின் உடல் சூட்டில் புளித்தது.

அழகான இடத்தை மட்டும் காட்டித் திருப்பி அனுப்புவது பெரிய தவறு. அந்த மலையில் உள்ள ஜயன்ட் ஃபாரஸ்ட் என்ற காட்டில் மேத்தரின் கூட்டம் பார்த்த பிரம்மாண்ட மரங்கள் பல தனியார் நிலத்தில் நின்றன. பிரச்சினை கண்ணெதிரே இருந்தது. பிறகு அந்த நிலத்துக்கு 70,000 டாலர் விலை சொன்னார்கள். நாடாளுமன்றம் 50,000 தந்தது, மீதியை நேஷனல் ஜியாக்ரஃபிக் சங்கம் போட்டது. அதன் பத்திரிகை ஆசிரியர் கில்பர்ட் குரோவ்னரும் அந்தப் பயணத்தில் வந்தவர்தான். நம் ஊரில் சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போனால், பறவைகளைக் காட்டிய கையோடு பக்கத்திலேயே இருக்கும் பெருங்குடி குப்பைமேட்டையும் காட்ட வேண்டும்.

கூடாரத்திலேயே மனுவை நீட்டாதீர்கள். ஊர் திரும்பி, பட்ஜெட் வேலை தொடங்கும் முன்பு, ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினால் போதும்.

அப்புறம், செலவு. மேத்தர் சொந்தப் பணத்தைப் போட்டார். போராக்ஸ் என்ற சலவை உப்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர், அவரால் முடிந்தது. இன்று அந்த மலையிலேயே சுரங்கமோ ரிசார்ட்டோ வைத்திருக்கும் கம்பெனி வேன் வாடகையைக் கொடுத்தாலும் விஞ்ஞானியின் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கைக் கிளம்பும் முன்பே வெளியிட்டுவிடுங்கள்.