புலம்பெயர் இலக்கியம் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் புலம்பெயர் இலக்கியம் என்று பேச்செடுத்தால் கனடா, பாரிஸ், லண்டன் என்றுதான் போகும். மாணவர்களின் கட்டுரைகளும் 1983இல்தான் தொடங்குகின்றன. முதல் தவறு இதுதான், பெரிய தவறும்கூட. அந்த ஆண்டு தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பெருந்தொகையானோர் வெளியேறியதும், ஐரோப்பாவில் சிற்றிதழ்கள் முளைத்ததும் உண்மை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கு ஆள் வந்த கதை அதைவிட நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. புதுமைப்பித்தனின் சிறுகதை 'துன்பக்கேணி' சொல்வது அந்தக் கதைதான். அந்த மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இலங்கையும் இந்தியாவும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டன. அவர்களில் பலர் இங்கேயே பிறந்து, இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதும் கட்டுரை எனக்குப் பாதிக் கட்டுரைதான். வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்களும் இதில் சேர்த்தி.

கொழும்பை வெறும் விமான நிலையமாகக் காட்டுவது அடுத்த தவறு. வடக்குக் கிழக்கிலிருந்து வந்து, வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரர் சொல்லும் நாளுக்காக வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் மாதக்கணக்கில் கிடந்தவர்கள் எத்தனை பேர்! பொலிஸ் பதிவு, இரவுச் சோதனை, கரைந்துகொண்டே போகும் காசு. 2007 ஜூனில் லொட்ஜுகளில் இருந்த 350க்கும் அதிகமான தமிழர்களை பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கே திருப்பி அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது நின்றது. அந்நிய நாட்டில் வந்து சேரும் பயமும் கூச்சமும் பலருக்கு இந்த அறைகளிலேயே தொடங்கிவிட்டன. கதைகளில் இந்தக் காத்திருப்பு வரும் இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

கதையை வாக்குமூலமாகப் படிப்பதும் அடிக்கடி நடக்கிறது. எழுத்தாளர் ஷோபாசக்தி விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர் என்று தெரிந்ததும் அவருடைய 'கொரில்லா' நாவலில் வருவதையெல்லாம் அவர் வாழ்க்கைக் குறிப்பு என்று எழுதிவிடுகிறோம். அந்த நாவல் அகதி விண்ணப்பத்தின் வடிவத்தையே தனக்குள் எடுத்துக்கொள்கிறது. அகதியாக நிற்பவர் அதிகாரி நம்பும்படி தன் கதையைச் சொல்லியாக வேண்டும். எதை முன்னே வைப்பது, எதை விடுவது என்று யோசித்தாக வேண்டும். இதைக் கவனிக்காமல் எது நிஜம், எது கற்பனை என்று மட்டும் தேடினால் நாவல் கைநழுவிப்போகும்.

அப்புறம், எல்லாரிடமும் ஊர் ஏக்கத்தையே தேட வேண்டாம். எழுத்தாளர் அ. முத்துலிங்கம் ஐ.நா. வேலையாக ஆபிரிக்காவிலும் பாகிஸ்தானிலும் இருந்தவர்; அவரை அகதியின் துயரம் கொண்டு அளந்தால் ஒன்றும் பிடிபடாது. ஆங்கிலத்தில் வந்தவற்றையும் ஒதுக்காதீர்கள். ஷியாம் செல்வதுரை கனடாவிலிருந்து 1994இல் வெளியிட்ட 'ஃபன்னி பாய்' கொழும்பில் நடக்கிற கதை.

மேற்கோள் எடுக்கும்போது படைப்பு வெளியான ஆண்டையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1990களில் போர் நடக்கும்போது எழுதியதும், 2009இல் போர் முடிந்த பிறகு எழுதியதும் ஒரே குரலில் இருக்காது. பழைய சிற்றிதழ்களுக்கு 'நூலகம்' இணையத்தளம் இருக்கிறது, இலவசம்தான். வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்கள் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தையும் ஒருதரம் பாருங்கள்.