சோழநாட்டுக் கோயில்களும் பறவை ஏரிகளும்: 3 நாளில் பார்த்து முடிக்க ஒரு செய்முறை

தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இல் அதோடு சேர்ந்தன. இதே வட்டாரத்தில் ராம்சர் ஈரநிலங்களும் (உலக அளவில் முக்கியமானவை என்று ராம்சர் உடன்படிக்கையில் பட்டியலிட்டவை) இருக்கின்றன. இந்தப் பயணத்தில் வருபவை மூன்று: கோடியக்கரை (2002), வடுவூர் (2022), கரைவெட்டி (2024). கோயிலுக்கு வருபவர்களில் பலர் பக்கத்து ஏரியை எட்டிப் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க 3 நாளும் அதற்கு மறுநாள் விடியலும் போதும். கார் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன், பேருந்துக்காரர்களுக்குக் கடைசியில் தனியாக இருக்கிறது.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

டிசம்பர் கடைசி வாரம் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை டெல்டாவைப் புரட்டி எடுக்கும். மார்ச்சுக்குப் பிறகு ஏரிகளில் நீர் வற்றி, வலசை வந்த பறவைகளும் கிளம்பத் தொடங்கிவிடும். பொங்கல் விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். பிரதோஷத்தன்று மாலை பெரிய கோயில் நந்தி மண்டபத்தைச் சுற்றி நிற்க இடமிருக்காது. அபிஷேகம் பார்க்க வேண்டும் என்றால் அன்றே போங்கள், சிற்பம் பார்க்க என்றால் வேறு நாள்.

2. பகல் 12 முதல் 4 வரை (இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்)

கூகுள் மேப்பில் தூரத்தைக் கூட்டிப் பார்த்து, "ஒரே நாளில் மூன்று கோயிலும் முடிந்துவிடும்" என்று கிளம்புவார்கள். பெரிய கோயிலில் 10 மணி, தாராசுரத்தில் 12.15, கங்கைகொண்ட சோழபுரத்தில் 2 மணி. கடைசி இரண்டிலும் நடை சாத்தியிருக்கும். மூன்றுமே வழிபாட்டில் இருக்கும் கோயில்கள். தொல்லியல் துறை பராமரித்தாலும் உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள்.

பிராகாரம் திறந்திருக்கிறதே என்று உள்ளே போனாலும் பயனில்லை. செருப்பில்லாமல் நடக்க வேண்டும், தையிலும் நண்பகலில் கருங்கல் தளம் காலைச் சுடும். விரித்திருக்கும் கயிற்றுப் பாயை விட்டு இறங்க முடியாது, பார்க்க வேண்டிய சிற்பமெல்லாம் பாய்க்கு அப்பால் இருக்கும். தடித்த பருத்திக் காலுறை ஒரு ஜோடி கொண்டுபோனால் 11 மணி வெயிலையும் சமாளிக்கலாம்.

ஆகவே விடியலைப் பறவைகளுக்கும், காலை 9 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் கோயிலுக்கும் கொடுங்கள். நடுப்பகலில் சாப்பாடு, அருங்காட்சியகம், கார்ப் பயணம்.

3. முதல் நாள்: வடுவூர், அரண்மனை, பெரிய கோயில்

தஞ்சையில் தங்குங்கள். மன்னார்குடி சாலையில் வடுவூர் சுமார் 25 கி.மீ. காலை 6.30-க்கு ஏரிக்கரையில் நின்றால் நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நாமக்கோழி எல்லாம் கிடைக்கும். 9 மணிக்குப் பெரும்பாலானவை இரை தேட வயல் பக்கம் போய்விடும். இது பாசன ஏரி, மேட்டூர்த் தண்ணீரும் மழையும்தான் ஆதாரம். இரண்டும் பொய்த்த ஆண்டில் ஏரி வெறும் தரையாகக் கிடக்கும். கிளம்புவதற்கு முந்தின நாளே ஈபேர்ட் செயலியில் (பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதியும் இடம்) வடுவூர் என்று தேடி, கடந்த வாரப் பதிவுகளைப் பார்த்துவிடுங்கள்.

நடுப்பகலுக்குத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம். இதை விடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். தாராசுரத்திலிருந்து கொண்டுவந்த யானை உரித்த தேவர் சிற்பம் இங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மறுநாள் தாராசுரம் போனால் அந்தக் கோயிலே வேறாகத் தெரியும்.

மாலை 4-க்குப் பெரிய கோயில். இரண்டாவது வாயிலான இராசராசன் திருவாயிலின் அடிப்பகுதியில் புராணக் காட்சிகளைச் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் மேலே துவாரபாலகரை அண்ணாந்து பார்த்தபடி கடந்துவிடுவதால் கீழே யாரும் நிற்பதில்லை. உட்கார்ந்து பாருங்கள். கருவறையைச் சுற்றிய சோழர் ஓவியங்களையும், மேல்தளத்தின் 81 கரணச் (நடன நிலை) சிற்பங்களையும் பொதுமக்கள் நேரில் பார்க்க முடியாது. ஓவியங்களின் படங்களை வளாகத்துக்குள் உள்ள விளக்கக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாலையில் கிழக்குப் பக்கம் நீளமாக விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

4. இரண்டாம் நாள்: கரைவெட்டி, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம்

திருவையாறு, திருமானூர் வழியாகக் கரைவெட்டி. வடுவூரைவிடப் பல மடங்கு பெரிய ஏரி, பறவைகள் தொலைவில் இருக்கும். இருநோக்கி (பைனாகுலர்) இல்லாமல் போனால் புள்ளிகளைத்தான் பார்ப்பீர்கள். குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்குப் பேர்போன இடம் இது. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருந்தால் அதுதான்.

8.30-க்குக் கிளம்பினால் 10 மணி வாக்கில் கங்கைகொண்ட சோழபுரம் வந்துவிடலாம். வழியில் கீழையூரில் பழுவேட்டரையர் காலத்து இரட்டைக் கோயில் இருக்கிறது. ஆனால் அங்கே நின்றால் இங்கே 12 மணி ஆகிவிடும். சோழபுரத்துக்கு 2 மணி நேரம் முழுதாக வேண்டும். வடக்குப் படிக்கட்டை ஒட்டிய சண்டேச அனுக்கிரக மூர்த்தி முன்னால் அதில் கால் மணி நேரமாவது நில்லுங்கள். சிவன் குனிந்து, தன் அடியாரான சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். சண்டேசர் கைகூப்பித் தலையைக் கொடுத்தபடி உட்கார்ந்திருக்கிறார். சிவனின் விரல்களைக் கவனியுங்கள், பிள்ளைக்குத் தலை வாரிவிடும் தாயின் கை அது.

நடை சாத்தியதும் மாளிகைமேட்டில் சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளத்தைப் பார்த்துவிட்டு, அணைக்கரை வழியாகக் கும்பகோணம். அணைக்கரைப் பாலம் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, குறுகலானது, பெரிய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. சுற்றுலாப் பேருந்தில் வருபவர்கள் நீலத்தநல்லூர்–மதனத்தூர் பாலத்தைக் கணக்கில் வையுங்கள்.

4 மணிக்குத் தாராசுரம். தேர் வடிவ மண்டபத்தில் படம் எடுத்த கையோடு திரும்பிவிடாதீர்கள். விமானத்தின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் ஓர் அடிகூட உயரமில்லாத சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. கண்ணப்பர் இருக்கிறார், சுந்தரர் பாட முதலை பிள்ளையைத் திருப்பித் தரும் காட்சியும் இருக்கிறது. சிறு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த செதுக்கல்களும் எழுந்து தெரியும். கல்லைத் தொட வேண்டாம், எண்ணெய்க் கை பட்டே பல இடங்கள் கறுத்துவிட்டன.

5. மூன்றாம் நாள்: கோடியக்கரை

காலையில் கும்பகோணத்தில் ஓய்வு. நண்பகலில் கிளம்பினால் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக 3 மணி நேரத்துக்குள் சேரலாம். மாலையில் புல்வெளியில் வெளிமான் பார்க்க வேண்டும். ஆண் கறுப்பு, முறுக்கிய கொம்பு. பெண் வெளிர் பழுப்பு. வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, உள்ளேயே இருங்கள். இறங்கினால் ஓடிவிடும். துரத்திப் படமெடுப்பது சட்டப்படி குற்றம்.

இரவு வேதாரண்யத்தில் தங்கி, மறுநாள் விடியலில் பூநாரை (ஃபிளமிங்கோ) தேடுங்கள். அது நடந்தபடியே சேற்றை அலசி இரையெடுக்கும் பறவை, ஆழமில்லாத உப்பு நீர்தான் அதற்குத் தோது. மழை மிகுந்து சதுப்பில் நீர் ஏறிவிட்டால் கூட்டம் இடம் மாறிவிடும். எந்தப் பக்கம் நீர் குறைவு என்று வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

கருவிகள்

8x42 இருநோக்கி வாங்குங்கள். 10x50 வேண்டாம்: கனம், கை நடுக்கமும் கூடும். மூன்று கோயிலிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. கைபேசியில் படம் எடுக்கலாம், கருவறையில் கூடாது. முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும். ட்ரோனைக் கொண்டுவரவே வேண்டாம்.

பின்சேர்க்கை: பேருந்தில் முடியுமா என்று கேட்டவர்களுக்கு

கரைவெட்டியை விட்டுவிட்டால் முடியும். வடுவூர் தஞ்சை–மன்னார்குடிப் பேருந்து வழியிலேயே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கும்பகோணத்தில் ஜெயங்கொண்டம் பேருந்து ஏறுங்கள், நடத்துநரிடம் "கோயில் நிறுத்தம்" என்று முன்பே சொல்லிவையுங்கள். தாராசுரத்துக்குக் கும்பகோணத்திலிருந்து ஆட்டோ. கோடியக்கரையில்தான் சிக்கல்: வேதாரண்யம் வரை பேருந்து கிடைக்கும், சரணாலயத்துக்குள் சுற்ற வண்டி வேண்டும். வேதாரண்யத்திலேயே ஆட்டோவைப் பேசி, காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து வாடகையை முடிவு செய்துவிட்டு ஏறுங்கள்.