ஒயின் தோட்டமும் கடற்கரையும்: ஒரே வார இறுதியில் செய்யக்கூடாத தவறுகள்

சனி, ஞாயிறு இரண்டே நாள். நண்பருடன் கிளம்பி இரண்டு மூன்று ஒயின் ஆலைகளைப் பார்த்துவிட்டு, அப்படியே கடலிலும் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வரலாம் என்று திட்டம். திட்டத்தில் குறை இல்லை, வரிசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பதினோரு மணிக்கு முதல் ஆலை, சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டாவது, வெயில் தாழ்ந்ததும் கடல் என்று போட்டுவைப்பார்கள். அதைத் தலைகீழாக்குங்கள். கடல் காலையில், ஒயின் மதியத்துக்கு மேல். பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

குடித்த உடம்புக்குக் கடல் ஆகாது. கொஞ்சம் உள்ளே போனாலே தைரியம் கூடும், நிதானம் குறையும், அலை அடிக்கும்போது கால் ஊன்றி நிற்க முடியாது. தோலை ஒட்டிய ரத்தக்குழாய்கள் விரிவதால் உடம்பு கதகதப்பாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அப்போதுதான் உடற்சூடு வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும். நீர்நிலைக்கு அருகே மது அருந்துவது மூழ்கி இறக்கும் ஆபத்தைக் கூட்டும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. சனிக்கிழமை இரவு வெகுநேரம் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தால், ஞாயிறு காலைக் கடலுக்கும் இதே கணக்குதான்.

சொட்டுக்கூடக் குடிக்காதவர்களும் கடலில் செய்யும் தவறு ஒன்று உண்டு: அலை அடிக்காத இடமாகப் பார்த்து இறங்குவது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக அலை உடைய, நடுவில் மட்டும் கொஞ்சம் கருத்து, அமைதியாக ஒரு பட்டை தெரியும். குளிக்க வசதியான இடம் என்று தோன்றும். பல நேரங்களில் அதுதான் கரைக்கு வந்த நீர் திரும்பிக் கடலுக்குள் ஓடும் வழி, அதாவது ரிப் கரண்ட். வேகமெடுத்தால் வினாடிக்கு இரண்டரை மீட்டர் வரைகூடப் போகும். ஒலிம்பிக் நீச்சல்காரரால்கூட எதிர்த்து நீந்த முடியாத வேகம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். இறங்கும் முன்பே உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அதைவிட நல்லது.

இனி ஒயின். ஆலையில் ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் ஊற்றிச் சுவைக்கக் கொடுப்பதைத்தான் டேஸ்டிங் என்கிறார்கள். "டேஸ்டிங்தானே, ஆளுக்கு ரெண்டு வாய்" என்று நினைப்பதுதான் இங்கே முதல் தவறு. ஒரு தடவை ஊற்றுவது 30 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகை என்றால் 150 மி.லி., முழுசாக ஒரு கிளாஸ். மூன்று ஆலை முடிந்தால் 450 மி.லி.; 750 மி.லி. பாட்டிலில் பாதிக்கு மேல். 13 சதவீத ஒயின் என்றால் அதில் சுமார் 46 கிராம் ஆல்கஹால் இருக்கும். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும் என்பதால், எல்லாம் வெளியேற ஐந்தாறு மணி நேரம் ஆகலாம். காபி, எலுமிச்சை, தலைக்குக் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

அதனால்தான் ஆலை வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு, "டேய், நான் ஸ்டெடியாத்தான்டா இருக்கேன்" என்று சொல்லும் நண்பரை நம்பக்கூடாது. அவர் பொய் சொல்லவில்லை. கடைசி மிடறுக்குப் பிறகும் சிறிது நேரம் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டேதான் இருக்கும். வாசலில் இல்லாத போதை வளைவுச் சாலையில் வரும். ஓட்டுநரோடு வாடகை வண்டி வைத்துக்கொள்வதே என் கட்சி. இன்று நீ, நாளை நான் என்று முறை வைத்து ஓட்டுவதும் சரிதான், ஆனால் அதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பேசி முடிக்க வேண்டும். முதல் கிளாஸ் கைக்கு வந்த பிறகு பேசினால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

சுவைத்த ஒயினைத் துப்புவதற்கென்று மேசையில் ஒரு பாத்திரம் இருக்கும். அதைப் பயன்படுத்தினால் மரியாதைக் குறைவு என்று கூச்சப்படாதீர்கள். ஒயினைச் சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பெரும்பாலும் துப்பத்தான் செய்கிறார்கள். ஆனால் துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், ஓட்டுநருக்கு அது முழு விலக்கு ஆகாது.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இடையிடையே தண்ணீர் குடியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஆலை போதும், மூன்று உச்சம். நான்காவது இடத்தில் நாக்கு மரத்துப்போய் எல்லாமே ஒரே ருசியாகிவிடும். அறுவடைக் காலத்தில் போக ஆசை என்றால், பொதுவாக வட கோளத்தில் ஆகஸ்ட் முதல் அக்டோபர், தென் கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல். பார்க்க அழகு, ஆனால் ஆலைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள். மாலையில் சீக்கிரமே மூடிவிடும் இடங்களும் உண்டு.

கடலிலிருந்து நேராகப் போகிறவர்கள் கவனிக்காத ஒன்று: கையில் ஒட்டியிருக்கும் சன்ஸ்கிரீன். கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனால் ஒயினுக்கு முன்னால் அந்தத் தேங்காய் வாசம்தான் வரும். அறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுக் கிளம்புங்கள். சென்ட்டும் வேண்டாம், பக்கத்து மேசைக்காரர் மூக்கையும் அது கெடுக்கும்.

காசு விஷயம். டேஸ்டிங் கட்டணத்தையும் தங்கும் செலவையும் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம். பாட்டில் வாங்குவது அவரவர் கணக்கு. இரண்டு கிளாஸ் உள்ளே போன பிறகு எந்த ஒயினும் அருமையாகத்தான் இருக்கும். அங்கேயே அரைப் பெட்டி வாங்காமல், பிடித்ததைக் குறித்துக்கொண்டு கடைசியில் முடிவு செய்யுங்கள்.

வாங்கிய பாட்டிலைக் காரில் விட்டுவிட்டு வேறெங்கும் போகாதீர்கள். வெளியே 30 டிகிரி என்றால், வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50ஐத் தொட்டுவிடும். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், கழுத்தோரம் பிசுபிசுவென்று கசியும், பழவாசம் போய் வெந்த ஜாம் மாதிரி ஆகிவிடும். கடலைக் காலையில் முடித்திருந்தால் பாட்டில் ஆலையிலிருந்து நேராக அறைக்குப் போகும். விமானத்தில் திரும்புவதாக இருந்தால் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். செக்-இன் பெட்டியின் நடுவில், இரண்டு பக்கமும் துணி வைத்துப் படுக்க வையுங்கள். முந்தின நாள் கடலில் நனைந்த துண்டு நன்றாகக் காய்ந்திருந்தால் அதுவே போதும்.