அருங்காட்சியகங்களுக்கும் தொல்லியல் தளங்களுக்கும் வரைவது எப்படி? ஃப்ரீலான்ஸ் ஓவியர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

அழகாக வரையத் தெரிந்தவர்கள் ஏராளம். "இந்தக் கூரையை ஏன் ஓலையாகப் போட்டீர்கள்?" என்று அருங்காட்சியகப் பொருட்களுக்குப் பொறுப்பான காப்பாட்சியர் கேட்டால் உடனே காரணம் சொல்லக்கூடியவர்கள் குறைவு. அருங்காட்சியக வேலையில் ஒருவரை மறுபடி கூப்பிடுவது பெரும்பாலும் அந்தப் பதிலுக்காகத்தான். வரையத் தெரியும், ஆனால் இந்தத் துறை புதிது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எந்த வேலை என்று தேர்ந்தெடுங்கள்

அகழாய்வில் கிடைத்த பானை ஓடு, கற்கருவி, மணி போன்றவற்றை அளந்து வரைவது ஒரு வகை. அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கும் கட்டடத்தை, மக்கள் புழங்கிய காலத்தில் இருந்ததுபோலக் காட்டும் மீட்டுருவாக்க ஓவியம் இன்னொரு வகை. வளாக வரைபடம், விளக்கப் பலகைக்கான சிறு படங்கள், குழந்தைகளுக்கான செயல்தாள், இயற்கை வரலாற்றுக் கூடத்துக்கான விலங்கு ஓவியம் என்று மேலும் பல உண்டு.

புதிதாக வருபவர்கள் நேராக மீட்டுருவாக்கத்துக்கே ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் பானையோட்டில் தொடங்குங்கள். பணமும் புகழும் குறைவுதான், ஆனால் பொருளை ஒழுங்காகப் பார்க்க அது பழக்கிவிடும். அதன் மரபுகள் கறாரானவை: வெளிச்சம் எப்போதும் மேல் இடப்பக்கத்திலிருந்து விழ வேண்டும்; படத்தோடு அளவுகோல் இருக்க வேண்டும்; பானையை நடுவே பிரித்து, ஒரு பாதியில் வெட்டுமுகத்தையும் மறுபாதியில் வெளித்தோற்றத்தையும் காட்ட வேண்டும். வெட்டுமுகம் பெரும்பாலும் இடப்பக்கம் வரும். சில நாடுகளில் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். உடைந்த விளிம்புத் துண்டை ஒருமைய வட்டங்கள் வரைந்த தாளில் பொருத்திப் பார்த்தால் முழுப் பானையின் வாய் விட்டம் கிடைத்துவிடும்.

படி 2: போர்ட்ஃபோலியோ தயார் செய்யுங்கள்

யாரும் வேலை தராவிட்டாலும் மாதிரி வேலைகள் செய்யலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-லும், ஸ்மித்சோனியன் 2020-லும் தங்கள் சேகரிப்பின் லட்சக்கணக்கான படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டன. ஸ்மித்சோனியனில் முப்பரிமாண மாதிரிகளும் உண்டு. திருப்பித் திருப்பிப் பார்த்து வரையலாம். வெளியான அகழாய்வு அறிக்கை ஒன்றை எடுத்து, அதன் தரைத்திட்டத்திலிருந்து ஒரு வீட்டை எழுப்பிப் பாருங்கள். முடித்த ஓவியத்தை மட்டும் வைக்காமல் தரைத்திட்டம், பென்சில் ஸ்கெட்ச், இறுதிப் படம் மூன்றையும் வரிசையாக வையுங்கள். டிராகன்களையும் விண்வெளி வீரர்களையும் வேறு இணையதளத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: யாரை அணுகுவது

அருங்காட்சியகத்தின் பொது மின்னஞ்சலுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. பெரிய காட்சிக்கூட வேலைகளை வடிவமைப்பு நிறுவனங்கள் டெண்டரில் எடுத்து, ஓவியங்களை வெளியே கொடுக்கின்றன. அகழாய்வுக் குழுக்கள், கல்விப் பிரிவுகள், பதிப்பகங்கள் ஆகியவற்றையும் பட்டியலில் சேருங்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். அவர்கள் சேகரிப்பில் எந்தப் பொருளுக்குப் படம் தேவை என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

படி 4: சான்றுத் தாள்

மீட்டுருவாக்க வேலையில் நேரம் அதிகம் பிடிப்பது இதுதான். படத்தில் வரப்போகும் ஒவ்வொன்றையும், அதாவது சுவர், கூரை, கதவு, உடை, பாத்திரம், மரம், நாய் எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் எழுதுங்கள். எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: தளத்திலேயே கிடைத்தது; அதே காலத்து வேறு தளத்தைப் பார்த்து ஊகித்தது; வெறும் கற்பனை. எந்த அறிக்கை, எந்தப் பக்கம், எந்த நிபுணர் சொன்னது என்பதும் இருக்கட்டும். கணினியில் உருவாக்கும் மீட்டுருவாக்கங்களுக்காக 2006-இல் தொடங்கிய லண்டன் சாசனமும் இதைத்தான் கேட்கிறது: எது சான்று, எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

ஒருமுறை படமாகிவிட்டால் ஊகம் லேசில் போகாது. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854-இல் திறக்கப்பட்ட இக்வானடான் என்ற டைனோசரின் சிலைகளுக்கு மூக்கில் கொம்பு இருக்கும். 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான், அது கட்டைவிரல் முள் என்பது உறுதியானது. சிலைகள் இன்றும் கொம்போடுதான் நிற்கின்றன.

தெரியாத இடத்தை என்ன செய்வது? பிரிட்டிஷ் மீட்டுருவாக்க ஓவியர் ஆலன் சாரெல் புகையும் மேகமும் சூழ வரைவதில் பெயர் பெற்றவர். சான்று இல்லாத மூலைகளை மறைக்க அவை நன்றாகவே உதவும். பார்வைக் கோணத்தை மாற்றியும், முன்னால் ஒரு மரத்தை நிறுத்தியும் சமாளிக்கலாம். இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இல்லாத மாடியைத் தெளிவாக வரைவதுதான் ஏமாற்று.

அடிக்கடி வழுக்கும் இடங்கள் சில. 1492-க்கு முந்தைய ஆசிய, ஐரோப்பிய, ஆப்பிரிக்கக் காட்சிகளில் மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு எதுவும் வரக்கூடாது. அவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து பிறகு வந்தவை. தளத்தின் வடதிசையைப் பார்த்துவிட்டு நிழல் போடுங்கள். எல்லோர் உடையும் அப்போதுதான் துவைத்ததுபோல இருக்க வேண்டாம். ஆண்கள் வேலை செய்ய, பெண்கள் குடத்தோடு ஓரமாக நிற்கும் காட்சி அலுத்துவிட்டது. கிழவர், குழந்தை, ஊன்றுகோலோடு நடப்பவர் எல்லோரும் அந்தக் காலத்திலும் இருந்தார்கள்.

படி 5: ஸ்கெட்சிலேயே ஒப்புதல் வாங்குங்கள்

முதலில் கட்டைவிரல் அளவில் சில கோணங்கள், அடுத்து விவரமான பென்சில் வரைவு, பிறகுதான் வண்ணம். பென்சில் வரைவுக்கு எழுத்தில் ஒப்புதல் வராமல் வண்ணத்தைத் தொடாதீர்கள். தொல்லியலாளர், காப்பாட்சியர், கல்வி அலுவலர் மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். எல்லாரிடமிருந்தும் கருத்தைத் திரட்டி ஒரே பட்டியலாக அனுப்ப ஒருவரை நியமிக்கச் சொல்லுங்கள். டிஜிட்டலில் வரைந்தால் ஆட்கள், கட்டடம், செடிகொடி, வானம் எல்லாம் தனித்தனி லேயரில் இருக்கட்டும். கூரை மாறும்போது ஆட்களை மறுபடி வரைய வேண்டியிருக்காது.

படி 6: கோப்பு

படம் எங்கே, எந்த அளவில், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்படும் என்று முதல் நாளே கேளுங்கள். கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு இறுதி அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வேண்டும். தள்ளி நின்று பார்க்கும் பெரிய பலகைக்கு 150 போதும். அச்சு சிஎம்ஒய்கே (நான்கு மைகளில் அச்சிடும் முறை) என்றால் திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் மங்கும், முன்கூட்டியே சோதியுங்கள். எழுத்து வரும் இடத்தைக் காலியாக விடுங்கள். வெயிலில் நிற்கும் பலகையில் வண்ணங்கள் காலப்போக்கில் வெளிறும். அதனால் முக்கியமான வேறுபாட்டை நிறத்தை மட்டும் நம்பிக் காட்டாமல் அடர்த்தியிலும் காட்டுங்கள்.

படி 7: கட்டணமும் ஒப்பந்தமும்

வரைவதற்கான நேரத்தை மட்டும் கணக்கிட்டால் நஷ்டம்தான். படிப்பது, தளத்துக்குப் போவது, கூட்டங்கள், திருத்தங்கள் எல்லாமே வேலை நேரம். தொகையை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: தொடங்கும்போது, பென்சில் ஒப்புதலின்போது, ஒப்படைக்கும்போது. திறப்பு விழா தள்ளிப்போவது இந்தத் துறையில் சகஜம். "கூடம் திறந்த பிறகு பணம்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். எத்தனை சுற்றுத் திருத்தம், வேலை பாதியில் நின்றால் எவ்வளவு என்பதும் எழுத்தில் வேண்டும்.

பதிப்புரிமையை மொத்தமாக எழுதிக் கொடுப்பதற்கும் பயன்பாட்டு உரிமம் தருவதற்கும் வித்தியாசம் பெரிது. இந்தக் கூடத்தில், இத்தனை ஆண்டுகளுக்கு என்று உரிமம் கொடுங்கள். கடையில் விற்கும் கோப்பை, காந்தப் பட்டை, அஞ்சலட்டைக்குத் தனிக் கட்டணம். ஓவியத்தில் உங்கள் பெயர் வருவதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். படைப்பாளியாக அறியப்படும் உரிமையை, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையே ஏற்றிருக்கிறது.

படி 8: ஒப்படைத்த பிறகு

இறுதிக் கோப்போடு சான்றுத் தாளையும் தேதியிட்டு அனுப்புங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். லேயர்கள் உள்ள மூலக்கோப்பைக் கேட்டால் அதற்குத் தனி விலை சொல்லுங்கள். பின்னாளில் புது அகழாய்வில் வேறு சான்று கிடைத்து, படத்தைத் திருத்தித் தரக் கேட்பார்கள். அது புது வேலை, புது பில்.