ட்ரோன் கீழே விழுந்துவிட்டதா? மறுபடி மேலே ஏற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

என் சின்ன கேமரா ட்ரோன் மரக்கிளையில் மோதிப் புல்தரையில் விழுந்த அன்று, ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். மேலே ஒரு கீறல்கூட இல்லை. அந்தச் சந்தோஷத்தில் நின்ற இடத்திலேயே மறுபடி ஏற்றினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து கான்கிரீட் தரையில் வந்து விழுந்தது. ஒரு இறக்கையின் அடியில் மயிரிழை போல விரிசல் விட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. முதல் தடவை விழுந்தபோது போனது அந்த ஒரு இறக்கை மட்டும்தான். இரண்டாம் தடவை, கேமராவை ஆடாமல் பிடித்திருக்கும் கிம்பலே போய்விட்டது.

சின்ன ட்ரோன்கள் விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வதற்குக் காரணம் எடை. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 249 கிராம் ட்ரோனுக்கு அந்த அடி 24 ஜூல் அளவுதான். 1 கிலோ ட்ரோன் என்றால் அதைப் போல நான்கு மடங்கு. அதனால் உடல் தாங்கிவிடும். முன்னால் தொங்கும் கிம்பல்தான் தாங்காது.

1. முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். புதரில் சிக்கிய இறக்கை சுற்ற முடியாமல் திணறினால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். பல மாடல்களில் ரிமோட்டின் இரண்டு ஸ்டிக்குகளையும் கீழே இழுத்து உள்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மோட்டார் நின்றுவிடும். உங்கள் மாடலுக்கு என்ன முறை என்பதை முதல் தடவை பறக்கவிடும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் கண்ணில் படவில்லையா? ஆப்பில் உள்ள வரைபடம் அது கடைசியாக இருந்த இடத்தைக் காட்டும். பேட்டரியில் உயிர் இருந்தால் பல ட்ரோன்களை பீப் ஒலி எழுப்ப வைத்தும் தேடலாம்.

2. பேட்டரியைக் கழற்றுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவசரமே கூடாது. லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு முனைகளையும் பிரிப்பது மெல்லிய தாள் போன்ற ஒரு படலம். அடிபட்டு அது கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும். தீ உடனே பிடிக்க வேண்டும் என்றில்லை, நேரம் கழித்தும் பிடிக்கலாம். உப்பியிருந்தாலோ, நசுங்கியிருந்தாலோ, தொட்டால் வழக்கத்தைவிடச் சுட்டாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ அதை மறுபடி சார்ஜில் போடவே போடாதீர்கள். பையிலும் வைக்காதீர்கள். எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத வெறுந்தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கவனியுங்கள்.

தண்ணீரில் விழுந்திருந்தால் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று ஆன் செய்யாதீர்கள். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் சர்க்யூட் போய்விடும். உப்புத் தண்ணீர் என்றால், பேட்டரியை எடுத்த பிறகு ட்ரோனை நல்ல தண்ணீரில் அலசி, சில நாட்கள் நன்றாக உலரவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள்.

3. இறக்கைகள். கண்ணை மட்டும் நம்பாதீர்கள். நகத்தை இறக்கையின் ஓரமாக மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே வெட்டு இருக்கிறது. பிறகு லேசாக வளைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். விரிசல் இருந்தால் கோடாகத் தெரியும். பசை போட்டு ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள், எடை மாறி அதிரும். ஒரு மோட்டாரில் இரண்டு இறக்கைகள் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நான்கு மோட்டாரில் இரண்டு வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுற்றும். குறியைப் பார்த்துப் பொருத்துங்கள். மாற்றிப் போட்டால் தரையை விட்டுக் கிளம்பும்போதே குப்புறக் கவிழும்.

4. மோட்டார். பேட்டரி இல்லாமல் நான்கையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றுங்கள். நான்கும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் ‘கரகர’ என்றால் உள்ளே மண் புகுந்திருக்கலாம். மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால் மணலில் உள்ள இரும்புத் துகள் ஒட்டிக்கொள்ளும். கேமராவுக்கு வைத்திருக்கும் ஊதுகுழாயால் ஊதுங்கள், எண்ணெய் விடாதீர்கள்.

5. கைகளும் கிம்பலும். மோட்டாரைத் தாங்கும் மடக்குக் கை உடலோடு சேரும் மூட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் வெளுத்திருந்தால் அங்கே விரிசல் விழத் தொடங்கியிருக்கிறது. கிம்பலைத் தாங்கும் சின்ன ரப்பர்கள் ஏதாவது கழன்றிருக்கிறதா, பட்டையான கேபிள் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால், அடிபடாத பேட்டரியைப் போட்டு ஆன் செய்யுங்கள். கிம்பல் ஒரு சுற்று ஆடிவிட்டு நேராக நிற்க வேண்டும். துடித்தாலோ, ஆப்பில் எச்சரிக்கை வந்தாலோ உடனே ஆஃப். கடைசியாக எடுத்த வீடியோ திறக்கவில்லை என்றால் மெமரி கார்டை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். பல மாடல்களில் கார்டை அதே ட்ரோனில் வைத்து ஆன் செய்தாலே அந்த ஃபைல் சரியாகிவிடும்.

6. சோதனை ஓட்டம். சமதளத்தில் வைத்து, ட்ரோனின் சாய்வையும் அசைவையும் உணரும் சென்சாரான ஐஎம்யுவை ஆப் மூலம் கேலிபரேஷன் (அளவு சரிசெய்தல்) செய்யுங்கள். காம்பஸை ஆப் கேட்டால் மட்டும் செய்தால் போதும். ஆட்கள் இல்லாத திறந்தவெளியில், தலை உயரத்துக்கு மேல் போகாமல் 2 நிமிடம் ஒரே இடத்தில் நிறுத்தி வீடியோ எடுங்கள். படம் ஜெல்லி போல நெளிந்தால் எங்கோ அதிர்வு இருக்கிறது. இறக்கியதும் நான்கு மோட்டாரையும் தொட்டுப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், அதன் இறக்கைகளை மாற்றிவிட்டு மறுபடி 2 நிமிடம் பார்க்கலாம். அப்போதும் சுடுகிறது என்றால் அந்த மோட்டாரை மாற்றும்வரை ட்ரோன் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.