டபுள் பீரியடில் ஒரு கோலம்: பள்ளியில் அச்சுப் பட்டறை நடத்தப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செப்டம்பர் பிறந்தால் என் போன் ஓயாது. 24ஆம் தேதி பாரம்பரிய தினம். பிள்ளைகள் பாவாடை தாவணியிலும் மணி கோத்த ஜூலு உடையிலும் பள்ளிக்கு வருவார்கள். அந்த வாரத்தில் "யாராவது ஓர் ஓவியர் வந்து பிள்ளைகளை ஏதாவது செய்ய வைத்தால் நன்றாக இருக்குமே" என்று ஏதோ ஓர் ஆசிரியருக்குத் தோன்றிவிடும். அந்த "யாராவது" இந்த முறை நீங்கள் என்றால், மேலே படியுங்கள்.

நான் சொல்லித் தரப்போவது ஒரே ஒரு பட்டறைதான்: தெர்மாகோல் தட்டில் கோலம் போட்டுத் தாளில் அச்சடிப்பது. இயந்திரம் வேண்டாம், மின்வெட்டு வந்தாலும் கவலையில்லை. நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அந்த ஆசிரியரே இன்னொரு தடவை செய்யலாம். எனக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் முக்கியம். விருந்தாளியாகப் போகும் ஓவியர் தன் திறமையைக் காட்டிவிட்டு வருவதில் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

அச்சுக்கலைக்கு எங்கள் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் நல்ல வேர் உண்டு. ஸ்வீடனிலிருந்து வந்த பெடர், உல்லா கொவேனியஸ் தம்பதி 1960களில் தொடங்கிய கலை மையம் இங்கே ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் வளர்ந்தது. அசாரியா எம்பாதா போன்ற கலைஞர்களின் லினோ அச்சுகள் (லினோ என்பது கத்தியால் செதுக்கி அச்செடுக்கும் தரைவிரிப்புத் தகடு) அங்கிருந்துதான் உலகத்துக்குத் தெரிந்தன. ஒரு துண்டு லினோ, ஒரு கத்தி, கொஞ்சம் மை, அவ்வளவுதான் முதலீடு. ஆனால் நாற்பது சின்னப் பிள்ளைகள் கையில் லினோ கத்தியைக் கொடுக்க எனக்குத் தைரியம் கிடையாது. அதனால்தான் தெர்மாகோல்.

முதலில் காகித வேலை

பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறவர்களின் பெயர், அதற்குத் தகுதியற்றவர்களைப் பட்டியலிடும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் இல்லை என்று காட்டச் சொல்வார்கள். நம் பெயரை நாமே சரிபார்க்கக் கேட்கும் விண்ணப்பம் படிவம் 30. பதில் வர நாளாகும், ஆகஸ்டில் அனுப்பிவிட்டு செப்டம்பரில் தவிக்காதீர்கள். படம் எடுப்பதானால் பெற்றோர் சம்மதம் வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. நான் கைகளையும் தாள்களையும் மட்டுமே எடுக்கிறேன், முகம் வேண்டாம்.

கட்டணத்தையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பெட்ரோல் தனி, மை தாள் தனி. "இது நம்ம பிள்ளைகளுக்குத்தானே" என்ற குரலுக்கு ஒரு தடவை இளகினால் அந்த மாதம் முழுக்க இலவசம்தான்.

ஒரு தடவை போய்ப் பாருங்கள்

வகுப்பில் எத்தனை பேர், தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம், மேசைகளை நகர்த்தலாமா என்று கேளுங்கள். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஒரு பிள்ளை மை உருட்டி, அச்செடுத்து, நகர மூன்று நிமிடம் ஆகும். நாற்பது பேருக்கு ஒரே மை மேசை என்றால் இரண்டு மணி நேரம். நான்கு மேசை போட்டால் முப்பது நிமிடம். என் முதல் பட்டறையில் ஒரே மேசைதான். மணி அடித்தபோது பாதி வகுப்பு கையில் தட்டோடு வரிசையில் நின்றது, ஒரு பையன் அழுதேவிட்டான். டபுள் பீரியட் கேட்டு வாங்குங்கள். ஆசிரியருக்கு ஒரு மேசையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் பின்னால் உட்கார்ந்து நோட்டு திருத்தப் போய்விடுவார்.

பொருட்கள்

ஆளுக்கு ஒரு தெர்மாகோல் தட்டு, ஓரங்களை வெட்டி 12 சென்டிமீட்டர் சதுரமாக்கியது. முனை மழுங்கிய பென்சில். தண்ணீரில் கரையும் அச்சு மை. மேசைக்கு ஒரு ரோலர், மை பரப்ப ஒரு பழைய டைல்ஸ். சாதாரணத் தாள் போதும். சாப்பாட்டுக் கரண்டிகள், துணி காயப்போடும் கிளிப், கயிறு, இரண்டு வாளி.

தட்டு விஷயத்தில் ஒரு பாடம். சிக்கனம் என்று கோழி வாங்கிய தட்டுகளைக் கழுவிச் சேர்த்து, ஒரு கோவில் மண்டபத்துக்குப் பட்டறை நடத்த எடுத்துப் போனேன். ஆடி மாதக் கஞ்சி நேரம். ஓர் அக்கா தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து பேக்கேஜிங் கடையில் புதுத் தட்டுதான்.

கோலம் போடுவது

ஏன் கோலம்? அச்சில் இடம் வலம் மாறும். புதிதாகச் செய்பவர்கள் முதலில் தங்கள் பெயரைத்தான் எழுதுவார்கள், அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி வந்து முகம் வாடிப் போகும். சமச்சீரான கோலத்துக்கு அந்தத் தொல்லையே இல்லை, திரும்பினாலும் அதே கோலம்தான். இன்னொன்று, தட்டில் அழுத்திய கோடு பள்ளமாகிவிடும், பள்ளத்தில் மை ஏறாது. அதனால் நிறத் தரையில் வெள்ளைக் கோடு விழும். செங்காவி மை எடுத்தீர்களானால், சிவப்புப் பாலிஷ் போட்ட பழைய டர்பன் வீட்டுத் திண்ணையில் மாவுக்கோலம் போட்டதுபோலவே இருக்கும்.

பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். டர்பனில் இந்தியக் குடும்பங்கள் நிறைந்த சாட்ஸ்வர்த் பகுதி வகுப்புகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஜூலு பேசும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், எல்லோருக்கும் பொது ஆங்கிலம். ஆனாலும் நான் முதல் ஐந்து நிமிடம் வாயே திறப்பதில்லை. கரும்பலகையில் மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி வைத்து, மெதுவாகச் சுற்றி வளைத்துக் காட்டுவேன். அதன் பிறகு இண்டெபெலே இன ஓவியர் எஸ்தர் மஹ்லாங்குவின் சுவர் ஓவியப் படம் ஒன்று. அளவுகோல் இல்லாமல் கோழி இறகால் கோடு இழுப்பவர், 1991இல் பிஎம்டபிள்யூ காருக்கே அந்தக் கோலம் போட்டவர். கோலம் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது. வீட்டு வாசலைப் பெண்கள் அலங்கரிக்கும் இரண்டு வழக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளே ஒற்றுமையைச் சொல்லிவிடுவார்கள்.

பென்சிலை ஓட்டை விழாத அளவுக்கு அழுத்த வேண்டும். விரலால் தடவினால் பள்ளம் தெரிய வேண்டும், தெரியவில்லையென்றால் இன்னொரு தடவை அதே கோட்டில் போகட்டும்.

பெரியவர்களுக்கு நடத்தும்போது சொல்லிக்கொடுக்கும் வேலையே குறைவு. ஒரு பாட்டி, "எனக்கு மறந்துபோச்சு" என்று ஆங்கிலத்தில்தான் சொன்னார். புள்ளியையும் ஆங்கிலத்தில்தான் எண்ணினார். கோலம் மட்டும் ஏழுக்கு ஏழு, ஒரு கோடு பிசகவில்லை.

மையும் அச்சும்

பெரும்பாலான சொதப்பல் இங்கேதான். டைல்ஸில் வேர்க்கடலை அளவு மை வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ரோலரை மேலும் கீழும், பிறகு குறுக்கே உருட்டுங்கள். காதைக் கொடுங்கள்: மை சரியாகப் பரவியதும் ஒட்டியும் விட்டும் "சிர்ர்ர்" என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். சத்தமே இல்லாமல் வழுக்கினால் மை அதிகம், கோட்டுப் பள்ளமெல்லாம் ரொம்பிக் கோலம் காணாமல் போகும்.

தட்டில் மை ஏற்றி, மேலே தாளை வைத்து, ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, கரண்டியின் பின்பக்கத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்க்கலாம். வெளுத்திருந்தால் தாளை அப்படியே இறக்கி அந்த இடத்தை இன்னும் தேயுங்கள். முதல் அச்சு அநேகமாக மங்கலாகத்தான் வரும், இரண்டாவது நன்றாக வரும். இதை முன்பே சொல்லிவிட்டால் யாரும் தாளைக் கசக்கிப் போட மாட்டார்கள்.

காயவைப்பது, கழுவுவது

பிப்ரவரி டர்பன் புழுக்கத்தில் மை லேசில் காயாது. கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, மறுநாள் கொடுக்கச் சொல்லிவிடுங்கள். ஈரத் தாளைப் பையில் வைத்தால் வெள்ளைச் சட்டைக்குச் சேதம், அம்மாக்களிடமிருந்து பள்ளிக்குப் போன் வரும். கடைசிப் பதினைந்து நிமிடம் கழுவுவதற்கு. ரோலரைத் தரையில் கிடத்தாதீர்கள், ரப்பர் தட்டையாகிவிடும்.

மிச்ச மை, பத்துத் தட்டு, மை வாங்கிய கடையின் முகவரி எழுதிய சீட்டு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு பள்ளியில் நான் ஒரு ரோலரையும் மறந்து வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து அந்த ஆசிரியை ஒரு படம் அனுப்பினார்: நான்காம் வகுப்பு, கயிறு நிறையப் பச்சைக் கோலம். ரோலரைத் திருப்பித் தருவதாகவும் எழுதியிருந்தார். நான் இதுவரை போய் வாங்கவில்லை.