பிரிண்டர் சேர்த்தாயிற்று, தாள் மட்டும் வரவில்லை

ஒரு முழு மதியத்தையும் என்னிடமிருந்து பிடுங்கியது ஒரே ஒரு எழுத்துதான். லினக்ஸில் அச்சிடும் வேலைகளைக் கவனிக்கும் மென்பொருள் கப்ஸ். அதில் எல்பிஅட்மின் கட்டளையால் பிரிண்டர் சேர்த்தபோது, மைனஸ் பெரிய எழுத்து ஈ (-E) என்ற குறியைப் பிரிண்டரின் பெயருக்கு முன்னால் போட்டுவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை. பிரிண்டரும் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் எதை அனுப்பினாலும் வாங்க மறுத்தது. பெயருக்கு முன்னால் வந்தால் அந்தக் குறிக்கு 'சர்வரோடு மறையாக்கம் செய்து பேசு' என்று பொருளாம். பின்னால் வந்தால்தான் 'பிரிண்டரை ஓடவிடு, வேலைகளை ஏற்றுக்கொள்' என்று அர்த்தம்.

ஓடவிடுவதும் ஏற்றுக்கொள்வதும் வேறுவேறு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கப்ஸ்அக்செப்ட் என்ற கட்டளை, அச்சிடக் காத்திருக்கும் வேலைகளின் வரிசைக்குள் நுழையும் வாசல். கப்ஸ்எனேபிள் வரிசையிலிருந்து பிரிண்டருக்குப் போகும் வாசல். வேலை வரிசையில் சேர்கிறது, தாள் வரவில்லை என்றால் இரண்டாவது வாசலைப் பாருங்கள். எல்பிஸ்டாட் மைனஸ் டி (-t) என்ற கட்டளையை அடித்தால் இரண்டின் நிலையும் தெரிந்துவிடும். அச்சிடுவதில் பிழை வந்தால் பிரிண்டரையே நிறுத்திவைப்பது கப்ஸின் இயல்பு. பழுதைச் சரிசெய்த பிறகும் வரிசை தானாக எழுந்திருக்காது. அலுவலகப் பிரிண்டருக்கு எரர் பாலிசியை, அதாவது பிழை வந்தால் என்ன செய்வது என்ற அமைப்பை, ரீட்ரை ஜாப் (வேலையை மறுபடி முயற்சி செய்) என்று மாற்றிவிடுங்கள், உங்களைத் தேடி வரும் ஆட்கள் குறைவார்கள்.

நெட்வொர்க் பிரிண்டர் என்றால், ரூட்டர் அன்றைக்குக் கொடுத்த ஐபி முகவரியை அப்படியே எழுதிவைப்பதுதான் வழக்கமான தவறு. கரண்ட் போய் வந்ததும் பிரிண்டருக்கு வேறு முகவரி கிடைத்திருக்கும், சர்வர் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். முகவரியை ரூட்டரிலேயே ஒதுக்கி வையுங்கள். அப்புறம், 9100 போர்ட் உடனே வேலை செய்கிறதே என்று பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அது பைட்டுகளைத் தள்ளும் வெறும் குழாய். தாள் தீர்ந்ததா, மை தீர்ந்ததா என்பதை, கருவிகளின் நிலையை விசாரிக்கும் எஸ்என்எம்பி என்ற நெறிமுறை வழியே தனியாகக் கேட்க வேண்டும். பிரிண்டருக்கு ஐபிபி என்ற அச்சு நெறிமுறை தெரியுமென்றால் 631 போர்ட் வழியே போய், டிரைவர் இடத்தில் எவ்ரிவேர் என்று கொடுப்பது எவ்வளவோ நிம்மதி.

பிரிண்டரைப் பிற கணினிகளுக்குப் பகிர்வதில் இரண்டு பூட்டு உண்டு: சர்வருக்கு ஒன்று, ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒன்று. ஒன்றை மட்டும் திறந்துவிட்டு ஃபயர்வாலைத் திட்டுவோம். அதற்காக 631ஐ இணையம் முழுவதற்கும் திறந்துவிடாதீர்கள். பல லினக்ஸ்களில் கப்ஸோடு சேர்த்து நிறுவப்படும், நெட்வொர்க்கில் பிரிண்டர்களைத் தேடும் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற சேவையில் இருந்த ஓட்டை 2024 செப்டம்பரில் வெளியே தெரிந்தது. யுடிபி 631க்கு யாரோ அனுப்பும் ஒரு பாக்கெட்டை நம்பி அது போலிப் பிரிண்டரைச் சேர்த்துக்கொண்டது. அதில் நாம் அச்சிட்டால் தாக்குபவரின் கட்டளை நம் கணினியில் ஓடும் நிலை இருந்தது. தேவையில்லையென்றால் அந்தச் சேவையை நிறுத்திவிடலாம்.

கப்ஸ் தன் பிரிண்டர் விவரங்களை எழுதிவைக்கும் பிரிண்டர்ஸ் டாட் கான்ஃப் கோப்பை நேரடியாகத் திருத்தும் ஆசை எல்லாருக்கும் வரும். கப்ஸ் ஓடும்போது தொடாதே என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கிறது. மீறித் தொட்டால், கப்ஸ் தன் நினைவில் இருப்பதை அதன்மேல் எழுதி, நீங்கள் செய்த திருத்தத்தை அழித்துவிடும்.